ஒன்றேகால்

துவார்னெனே துறைமுகத்தில்
மத்தி எப்போது வரும் என்பது
மத்திக்கு மட்டும்தான் தெரியும்.
நடுநிசியில் படகு தட்டினாலும்
சந்து சந்தாகப் பையன்கள் ஓடுவார்கள்:
'ஆலைக்கு! ஆலைக்கு!'
மரச்செருப்புகள் கருங்கல்லில் இறங்கும்.
வெள்ளைக் குல்லாய்கள் மட்டும்
தலையில்லாமல் இருட்டில் மிதந்து வரும்.

வாசலில் நான்.
நோட்டு, பென்சில், சுவர்க்கடிகாரம்.
என் வலது கால் வெர்தூனில் இருக்கிறது.
அதற்கு ஈடாக
அரசாங்கம் ஒரு மரக்காலும்
முதலாளி ஒரு முக்காலியும் கொடுத்தார்கள்.
கூட்டிப் பார்த்தால் எனக்கு லாபம்தான்.

முதலாளியின் கணக்கு சுலபம்.
மீன் மேசையில் விழுந்தால்தான் மணி தொடங்கும்,
கொட்டகையில் குந்திக் காத்திருப்பது அவரவர் பாடு.
முடியும்போது முழு மணியை மட்டும் எழுது,
மிச்சக் காலை விட்டுவிடு.
விட்டேன்.
ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்குக் கால் மணி,
அதை யார் திருட்டு என்பார்கள்?
கழுத்தை அறுப்பது அவர்கள் வேலை,
ஒவ்வொரு மீனாக,
கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில்,
தூக்கம் வராமலிருக்க மாதா பாட்டுப் பாடிக்கொண்டு,
மணிக்கு எண்பது சாந்தீமுக்கு.

இருபத்து நான்காம் ஆண்டு நவம்பரில்
பையன்கள் கத்தினார்கள்.
கதவுகள் திறந்தன.
செருப்புச் சத்தம் வாசல்வரை வந்து
நிற்காமல் தாண்டிப் போனது.
'ஒன்றேகால்! ஒன்றேகால்!'
மணிக்கு ஒன்றேகால் பிராங்க்.
மாதா பாட்டின் மெட்டு அதேதான்,
வார்த்தைதான் வேறு.
அன்று மத்தியை நாரைகள்கூட முழுதாகத் தின்று தீர்க்கவில்லை.

குறிக்க ஆளில்லாத நோட்டு
தானாகப் பின்னால் புரண்டது.
பொழுதுபோகாமல் ஒரு பெயரைப் பிடித்தேன்:
கொரந்தீன் லெ பெர்.
கணவன் கடலில். பிள்ளைகள் இரண்டு.
நாலு வருஷம், எண்ணூறு நாள், நாளுக்கொரு கால்.
இருநூறு மணி.
மறுபடி கூட்டினேன். இருநூறு.
பென்சில் தப்புச் செய்யவில்லை,
பென்சிலைப் பிடித்தவன்தான்.

துண்டுக் காகிதத்தில் எழுதி
அவள் வீட்டுக்குப் போனேன்.
படிக்கத் தெரியாதாம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'எவ்வளவு?'
'நூற்றறுபது பிராங்க்.'
'நான் நூற்றெழுபது என்று நினைத்திருந்தேன்' என்றாள்.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் கஞ்சிக் காய்ச்சல்.
உருளைக்கிழங்கு, கோஸ், யாரோ கொடுத்த பன்றிக்கொழுப்பு.
'மணிக்காரா, கரண்டியைப் பிடி,
நீதான் அளக்கப் பழகியவன்.'
வரிசையில் நூற்றுக்கணக்கில் கிண்ணங்கள்.
நான் ஊற்ற ஊற்ற
அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.
பழக்கதோஷம்,
கரண்டி விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது.
'ம்' என்றாள்.
மறுபடி முக்கினேன்.
அன்றைக்கு அவள் எத்தனை முறை 'ம்' சொன்னாள் என்று
கணக்கு வைக்கவில்லை.

ஆறு வாரம் தாண்டியது.
வெளியூரிலிருந்து கூலிக்குக் கத்தியும் துப்பாக்கியும் வந்தன.
காப்பிக் கடை ஒன்றில் கண்ணாடி நொறுங்கியது.
அதைப் பற்றி மற்றவர்கள் நிறையப் பேசுவார்கள்.
நான் படியிறங்க நேரமாகும் ஆள்,
சத்தம் மட்டும்தான் கேட்டேன்.

ஜனவரியில் முடிந்தது.
மணிக்கு ஒரு பிராங்க்.
ஒன்று கிடைத்தது, கால் கிடைக்கவில்லை.
தெருவெல்லாம் ஆடினார்கள்.
மரக்காலோடு நானும் ஒரு சுற்று ஆடினேன்,
கல்லில் என் சத்தமும் அவர்கள் சத்தமும்
ஒரே மரம்தான்.

மறுநாள் முக்காலியில் உட்கார்ந்தேன்.
முதலாளி எதுவும் சொல்லவில்லை,
பழைய கணக்கையே பார்வையால் சொன்னார்.
மாலை ஐந்தேகாலுக்கு மேசைகள் கழுவப்பட்டன.
முதலில் வந்தவள் கொரந்தீன்.
கையில் செதில், குல்லாயில் எண்ணெய்.
ஐந்து என்று எழுதினேன்.
அவள் நகரவில்லை.
அவள் பின்னால் நூற்றிருபது பேர்,
ஒருத்தியும் பாடவில்லை.
பென்சில் முனை மழுங்கியிருந்தது.
கத்தியை எடுத்து மெல்லச் சீவினேன்.
நகரவில்லை.