ஸ்குவாலேன்

போத்தலின் கழுத்தடியில் பொடி எழுத்து:
ஸ்குவாலேன், ஒலிவிலிருந்து.
முந்தி இதைச் சுறா ஈரலில்தான் எடுத்தவையாம்.
சாமான் போட வந்த கம்பனிப் பெடியன் சொன்னான்:
"ரெண்டும் ஒண்டுதான் அக்கா,
இதில மணம் இல்ல."

மணம்.

திருக்கடலூர்க் கரையில்
தகர டின்னில் ஈரல் உருகும் கிழமைகளில்
என் தலைமயிர், சட்டை, கணக்குக் கொப்பி
எல்லாம் சுறா.
அடுத்த வாங்குக்கு மாறி இருந்தவள் சுவேந்தினி.

இப்போது டைக் வீதியில்
என் சலூன் கதிரையில் சாய்ந்திருக்கிறாள்.
ஸ்கார்பரோவிலிருந்து மூன்று கிழமை லீவு.
நிலாவெளி வெயில் மூக்கை உரித்துவிட்டது.
என்னை மட்டுக்கட்டவில்லை,
நானும் சொல்லவில்லை.

"இதுல மீன் கீன் ஒண்டும் இல்லைத்தானே?"
"ஒலிவ்தான், மிஸ்."
பொய்யில்லை.

உள்ளங்கையில் மூன்று துளி சூடேறுகிறது.
கரண்ட் போய், ஃபேன் மெல்ல நிற்கிறது.
கன்னத்திலிருந்து காதடிக்கு,
நாடியிலிருந்து கழுத்துக்கு,
ஒரு பொட்டும் விடாமல் இழுக்கிறேன்.

வள்ளத்தின் அடிப்பலகையில்
பொருத்துப் பொருத்தாய்த் தேய்த்த கை இது.
வேறு விதமாய்ப் பூச
அதற்குத் தெரியாது:
உப்பு உள்ளே இறங்கக் கூடாது,
அவ்வளவுதான்.

"நல்ல கை உங்கட," என்கிறாள்
கண் திறக்காமல்.

பில் நாலாயிரத்து எண்ணூறு.