பாக்கி

ஐந்தாம் நாள் காலை அமர்வு: ‘தலைமை என்பது பணிவிடை.’
கோத்தகிரியில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை.
புரொஜெக்டர் மூலையில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தது.
சார்ட் பேப்பரில் ஐந்து வட்டம் போட்டு
நடுவில் பச்சை ஸ்கெட்ச்சில் ‘ஒருமை’ என்று எழுதினேன்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு.

ஒருமை அன்று காலையிலேயே உப்புமாவில் கவிழ்ந்திருந்தது.
சவரிமுத்து நெற்றியில் சிலுவை வரைந்து ஸ்பூனை எடுக்க,
பெனாயா கண்மூடிக் கைதூக்கி நீளமாய் ஆரம்பிக்க,
மற்றவர்கள் ஒரு கண்ணைத் திறந்து
தட்டில் ஆவி அடங்குவதைப் பார்த்தோம்.

அப்போதுதான் அவள் வந்தாள், லயன் வீட்டிலிருந்து,
உரச் சாக்கைத் தலையில் கொங்காணியாய் மடித்து.
‘எங்கப்பா தவறி ரெண்டு நாளாச்சு.
ரோடு சரிஞ்சு கெடக்கு, குழி வெட்ட ஆளில்ல.
நீங்கள்லாம் வேதக்காரப் பிள்ளைங்கதானே?’

பாக்கியநாதன்.
தலவாக்கலையில் சாமியார் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர்.
கப்பலேறி இந்த மலைக்கு வந்து
கல்யாணம் சி.எஸ்.ஐ. கோயிலில்.
முட்டிவலி வந்த பிறகு
தகரக் கூரை ஜெபவீட்டில் கைதட்டியிருக்கிறார்.
மூன்று இடத்திலும் விசாரித்தோம்.
‘நல்ல மனுஷன்தான். ஆனா எங்களவிட்டுப் போயிட்டார்.’

காம்பவுண்டு போட்ட கல்லறைத் தோட்டம் எங்கள் சபையுடையது.
அதனால் நான்தான் பேச வேண்டியிருந்தது.
செயலாளர் பேரேட்டைப் புரட்டினார்.
கெட்டவர் இல்லை; எல்லாருக்கும் டீ வரவழைத்தார்.
‘சந்தா ஏழு வருஷம் பாக்கிம்மா. ஆயிரத்து அறுநூத்தி எண்பது.
ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க.’
‘பேர்லயே பாக்கி இருக்கல்லோ’ என்றான் ஜோபின்,
கூடலூர்க்காரன். யாரும் சிரிக்கவில்லை.

நூறு, ஐம்பது, சில்லறை.
பெனாயா வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்து
எட்டாய் மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்தான்.
ரசீதில் ‘யாரிடமிருந்து’ என்று ஒரு கோடு.
‘எந்தச் சபைன்னு எழுத?’
ஓட்டில் மழை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே எழுதிக்கொண்டார்:
‘பிள்ளைகள்.’

செம்மண். சில்வர் ஓக் வேர். அதற்கடியில் ஊற்று.
இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, பதினொரு பேர்.
வெட்ட வெட்டத் தண்ணீர்.
சாயங்காலம் பாதம் கழுவும் ஆராதனைக்கென்று
வாங்கி வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் பேசின்களை
ரூத்தான் ஓடிப்போய்த் தூக்கி வந்தாள்.
குழிக்குள் அள்ளவும் மேலே வாங்கி ஊற்றவுமாய்
யார் காலை யார் மிதித்தோம் என்று கணக்கில்லை.

இறக்கி வைத்ததும் ஜெபம்.
நாங்கள் ‘பரமண்டலம்’ என்றோம், அவர்கள் ‘விண்ணகம்’ என்றார்கள்.
பிதாவும் தந்தையும் இடித்துக்கொண்டே நடந்தார்கள்.
மன்னிக்கும் இடம் வந்தபோது
அவர்கள் வாயில் குற்றம், எங்கள் வாயில் கடன்.
ஸ்வெட்டர் பையில் ரசீது நனைந்திருந்தது.
எனக்கு அந்தச் சொல் வெளியே வரவில்லை.
ஆமென் ஏறக்குறைய ஒன்றாய் விழுந்தது,
சவரிமுத்து மட்டும் அரை நொடி பிந்தி.

அவள் எதுவும் சொல்லவில்லை.
ஒரு பிடி மண் போட்டாள்.
பேசின்களை வாங்கி, குழாயடியில் தேய்த்துக் கழுவி,
ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கித் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வழக்கம்போல
நான்கு கோயில் வாசலில் நின்று நின்று போனது.
ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்ன
இன்னும் எங்களுக்கு அனுமதியில்லை.
‘வெற்றிகரமாக முடித்தார்’ என்று சான்றிதழ் தந்தார்கள்;
கொப்புளம் உடைந்த விரலால் பிடிக்க முடியாமல்
ரூத் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

பஸ்ஸுக்குக் காசில்லை என்று பெனாயா சொல்லவேயில்லை.
கடைத்தெருவில் டீ குடிக்கும்போது பார்த்தோம்,
மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் காரட் லாரியில்
மூட்டைமேல் குந்திப் போகிறான்.
‘டேய்! ஸ்தோத்திரம்டா!’ என்று கத்தினான் சவரிமுத்து.
அவன் கோயிலில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.
பெனாயா ஒரு காரட்டை உயர்த்திக் காட்டினான்,
பாதி கடித்தது.