பன்னிரண்டு பதினேழு

பாலக்காட்டில் காலை ஏழரைக்கு
வெளிச்சத்தை விழுங்கினேன்.
பேரீச்சங்கொட்டையை விடக் கொஞ்சம் பருமன்,
ஒரு முனையில் கண்ணாடி,
உள்ளே மினுக் மினுக்கென்று
யாருக்கோ கண்ணடித்துக்கொண்டிருந்தது.
"வெள்ளம் குடிச்சோ" என்றார் ஷெர்லி டாக்டர்.

மூன்று மாதமாய் ரத்தம் எங்கேயோ போகிறது.
மேலிருந்து குழாய் விட்டுப் பார்த்தார்கள்,
கீழிருந்தும்.
நடுவில் இருபது அடி
யாரும் பார்க்காத ஊர்.

இடுப்பில் பெட்டி, வயிறெங்கும் ஒட்டு.
வேலைக்குப் போகலாமா என்றேன்.
பாரம் தூக்காதே, காந்தம் பக்கம் நிற்காதே,
போ.

வேலந்தாவளம் பஸ்ஸில்
எனக்குள் உட்கார்ந்தபடியே எல்லை தாண்டியது அது.
அதற்கு யாரும் மருந்தடிக்கவில்லை.

மருந்தடிப்பது என் வேலை.
பறவைக் காய்ச்சல் முகாம், தகரப் பந்தல்,
அந்தப் பக்கத்துக் கோழி வண்டிகளின் டயருக்கு.
சீட்டில் காலிக் கூண்டென்று இருக்கும்.
டார்ச் அடித்தால் மூலையில்
இரண்டு கோழி, குற்றம் செய்த முகத்தோடு.

அந்தப் பக்கத்துப் போலீஸ் பிரசாதன்
இடுப்புப் பெட்டியைப் பார்த்து
"எந்தா வஞ்சிமுத்து, போம்போ?" என்றான்.
கேமரா என்றேன்.
சட்டென்று தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

வியாழக்கிழமை படம் காட்டினார்கள்.
ஐம்பதாயிரத்துச் சொச்சம்.
கோழிக்கொண்டைப் பூவைத் தடவினால் எப்படியோ
அப்படி ஒரு சுவர், ஈரமாய், மூச்சு விடுவதுபோல்.
நானா இது?
ஒரு மடிப்பில் தக்காளி விதை, ஒன்றே ஒன்று,
பட்டினியையும் பேதி மருந்தையும் தாண்டிப்
பிடித்துக்கொண்டிருந்தது.
டாக்டர் அதை வேகமாய்த் தள்ளினார்.

பிறகு நிறுத்தினார்.
கடுகளவு சிவப்பு. அதிலிருந்து ஒரு நூல் கசிகிறது.
"இதாண்."
ஓரத்தில் நேரம்: பன்னிரண்டு பதினேழு.

பன்னிரண்டு பதினேழு.
பஞ்சாயத்து சங்கு ஊதி ஒரு கால் மணி.
நீலத் தார்ப்பாய் வண்டி.
மூலையில் இரண்டல்ல, ஏழெட்டு.
கண்ணாடியை இறக்கி
ஐந்நூறு நீட்டினான். ஈரமான நோட்டு.
சட்டையில் போட்டுக்கொண்டேன்,
பெட்டிக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில்.

அடுத்த படத்தைப் பார்த்தேன்.
அதற்கடுத்ததையும்.
சிவப்பும் சுவரும் ஈரமும்தான்.

"பயப்படாதே, அடைச்சுடலாம்" என்றார் டாக்டர்.
தலையாட்டினேன்.
அந்தத் தக்காளி விதையை
இன்னொரு தடவை காட்டுங்கள் என்றேன்.