வால்

மூன்றாம் ஆண்டு வெள்ளி. பதினேழு பேர்.
பலகையில் ஒரு வால் வரைந்தேன்: எல், ஒய்.
ஸ்லோவுக்கு ஒட்டினால் ஸ்லோலி,
லவுடுக்கு ஒட்டினால் லவுட்லி.
நம்ம ‘ஆக’ மாதிரிதான் என்றேன்.
மெதுவாக, சத்தமாக.

“அப்போ ஃபாஸ்ட்லியா டீச்சர்?”
கவீந்திரன். வேறு யார்.
ஃபாஸ்ட்டுக்கு வால் கிடையாது.
“ஏன் டீச்சர்?”
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
ஜன்னல்களை உலுக்கிக்கொண்டு போனது.
தப்பித்தேன்.

வீட்டில் யார், எதை, எப்படிச் செய்கிறார்?
ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னேன்.
ஒரு சித்தப்பா லவுட்லி குறட்டை விட்டார்.
ஒரு பூனை பொலைட்லி மீன் திருடியது.
ஹேமலோசனியின் நான்காவது வரி:
மை மதர் ஸ்லீப்ஸ் குவிக்லி.

எழுவாய் சரி. வினையில் எஸ் சரி. வாலும் சரி.
தூக்கத்தைப் போய் யாராவது
அவசரமாகச் செய்வார்களா?
டீப்லி என்று திருத்த
சிவப்புப் பேனாவைத் திறந்து, மூடி,
நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

இன்று காலை, இருட்டு விலகுமுன்,
முச்சந்தியில் என் காருக்கு முன்னே
ஃபேக்டரி பஸ் நின்றது.
மடியில் சோற்றுப்பையோடு ஒரு பெண் உட்கார்ந்தார்.
பஸ் இரண்டாம் கியருக்கு மாறுமுன்
கண்ணாடியில் தலை சாய்ந்துவிட்டது.
ஹேமாவின் அம்மாவா, தெரியாது.
எல்லா ஜன்னலிலும் ஒரு தலை.

சரி போட்டேன்.

அடித்துப்போட்டாற்போல் தூங்குவதை
ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் அஸ்லீப் என்பார்கள்,
வால் இல்லாமல்.
கவீந்திரனிடம் இன்னும் சொல்லவில்லை.
ஏன் என்பான்.