சாவி அங்கே

புந்தா அரீனஸில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.
கம்பளிக் கூட்டுறவு அலுவலகம். இரவு பதினொன்றரை.
விடிந்தால் கப்பல்.
நானூற்றுப் பன்னிரண்டு பொதிகளின் எடைக் கணக்கு
இந்தப் பெட்டிக்குள்.

இரண்டு ஹார்டு டிஸ்க்.
புதியதில் எல்லாம் இருக்கிறது.
பழையதில் ஒன்றுமில்லை,
கடக் கடக் என்று பல் கடிக்கும் சத்தம் தவிர.
சாகக் கிடப்பதற்கு மின்சாரம் எதற்கென்று
சாயங்காலம் நான்தான் பிடுங்கி மேசையில் வைத்தேன்.

அப்போதிலிருந்து கறுப்புத் திரை.
இடது மூலையில் ஒரு கோடு
சிமிட்டிச் சிமிட்டி
யாரையோ தேடுகிறது.

யெர்கோ வந்தான்,
ஸ்குரூடிரைவரும் மாத்தே குவளையுமாக.
துவக்க வரிசையை மாற்றினான். கேபிளை மாற்றினான்.
தனக்குத் தெரிந்த ஒரே குரோவேஷியச் சொல்லைச் சொன்னான்,
அச்சில் ஏறாதது.
பிறகு என்னைப் பார்த்தான்.
"புதியதில் விண்டோஸ் ஏற்றியபோது
பழையதைக் கழற்றவில்லைதானே?
வீடு இங்கே. சாவி அங்கே."

ஏற்றியவள் நான்.
'அடுத்து', 'அடுத்து' என்று
படிக்காமலே அழுத்திக்கொண்டு போனவள்.

மீண்டும் மாட்டினோம். கடக் கடக்.
கடக்.
மூன்றாம் முறை திரை நீலமானது.
பிரிண்டர் இருமிக்கொண்டு
பொதி பொதியாக வெளியே தள்ளியது.

சாவியை இந்தப் பக்கம் கொண்டுவர
ஒரு பென்டிரைவ், இரண்டு கட்டளை,
பத்து நிமிஷம் போதுமாம்.
"நாளைக்கு" என்றேன்.
"இன்று யாரும் எதையும் அணைக்க வேண்டாம்."

வெளியே தகரம் ஒன்று பிய்ந்து உருண்டது.
விளக்கு மங்கி,
மங்கியே நின்று,
திரும்ப வந்தது.
இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.