தொழில் என்ற கட்டத்தில்

மஞ்சக்குப்பம் கிளையில்
வீட்டுக்கடன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: தொழில்?
கோல்ஃப் என்றேன்.
கடையா?
இல்லை சார், ஆடுவது.
அது சரி, தொழில்?
பின்னால் நின்ற முந்திரி வியாபாரி சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
இருபது வருஷமாக
இந்த இடத்தில் சிரித்துப் பழக்கம்.

பந்து பொறுக்கப் போனவன் நான்.
கிண்டியில் மாமா புல்வெட்டும் எந்திரம் ஓட்டினார்.
குளத்தில் மூழ்கி எடுத்தால் பந்துக்கு இரண்டு ரூபாய்.
தேவனாம்பட்டினத்துப் பையனுக்கு
அதெல்லாம் ஒரு தண்ணீரா.
எடுத்ததில் ஒன்றைத் திருப்பித் தரவில்லை.
முறிந்த ஏழாம் நம்பர் இரும்புக்குச்
சைக்கிள் டியூப் சுற்றி
சில்வர் பீச்சில் விடிகாலை
வலை உலர்த்துகிறவர்கள் வருவதற்குள்
மணலில் இருந்தே அடித்துப் பழகினேன்.
புல் எங்களிடம் இல்லை.
பின்னாளில் மணல்குழியில் பந்து விழுந்தால்
மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள்,
நான் வீட்டுக்கு வந்த மாதிரி இறங்குவேன்.

அறிவிப்பாளர் ஒருவர்கூடத்
தேசிங்கு என்று சரியாகச் சொன்னதில்லை.
டேசிங், டெசிகு,
ஒருமுறை டார்ஜிலிங்.
கடலூரா, எங்கே இருக்கிறது?
பாண்டிச்சேரிக்குத் தெற்கே என்பேன்.
அது போதும் அவர்களுக்கு.

வியாழன், வெள்ளி ஆடிய பிறகு
பாதிப்பேரைக் கழித்துவிடுவார்கள்.
மீதிப்பேருக்குத்தான் சனி, ஞாயிறு, காசு.
ஆகவே இந்த நாட்டின்
வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.
எந்தப் பெட்டியில் பை நிற்கும்,
எந்தப் பரிசோதகர்
உள்ளே என்ன, துப்பாக்கியா என்பார்.
அமுதவல்லி அன்று சாயங்காலம்
போனை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்திருப்பாள்.
அடித்தால் வருகிறேன் என்று அர்த்தம்.
அடிக்காவிட்டால் மளிகைக்காரருக்குப் பதில் சொல்லிவிடலாம்.
புருஷன் குரல் கேட்காத இரவில்
நிம்மதியாகத் தூங்கியவள்
இந்தக் கரையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒருமுறை ஜெயித்தேன். அகமதாபாத்.
காற்று அன்று பேய் பிடித்து ஆடியது.
ஆளாளுக்குப் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டு
முகம் வெளுத்து நின்றார்கள்.
எனக்குக் கச்சான் தெரியும், கொண்டல் தெரியும்,
வாடை திரும்பப்போகிற அரைநாழிகை
காதுமடலில் தெரியும்.
தானே புயல் கொண்டுபோன கூரை
அந்தக் காசில்தான் ஓடாகத் திரும்பியது.
அந்த ஓட்டு வீட்டைத்தான் இப்போது
தளம் போடக் கேட்கிறேன்.

இன்னொரு முறை ஜெயித்திருப்பேன்.
கடைசிக்கு முந்தின குழி, உயரமான புல்.
மட்டையைத் தரையில் வைத்தேன், பந்து
எள்ளளவு அசைந்தது.
கூட ஆடியவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.
கேமரா வேறொருவன் மேல்.
புல் பார்த்தது, பூமி பார்த்தது என்று கதை விடமாட்டேன்.
எதுவும் பார்க்கவில்லை.
கை தூக்கி ஒரு அடி கூட்டிக்கொண்டேன்.
ஒரு அடியில் தோற்றேன்.
அமுதவல்லி நாலு நாள் பேசவில்லை,
ஐந்தாம் நாள் சங்கராக் குழம்பு வைத்தாள்,
அதைப்பற்றி மட்டும் இன்றுவரை பேசவில்லை.

மேசைக்காரர் நல்லவர்.
சுயதொழில் என்று எழுதிக்கொண்டார்.
வருட வருமானம் கேட்டு
உதட்டைப் பிதுக்கி,
இதுக்கெல்லாம் கடன் வராது தம்பி என்று முணுமுணுத்து
நான் சொன்ன தொகைக்கு முன்னால்
ஒரு ஒன்றைச் சேர்த்தார்.
கையெழுத்துப் போடுங்க.

எங்கள் ஆட்டத்தில்
முடிந்தபின் அட்டையில் கையெழுத்துப் போடவேண்டும்.
ஒரு குழியில் ஓர் எண் குறைந்திருந்தாலும்
ஆடியதெல்லாம் ஆடாததாகிவிடும்.
அதனால் எந்தக் காகிதத்தையும்
மேலிருந்து கீழ்வரை
விரல் வைத்துத்தான் படிப்பேன்.
முந்திரிக்காரர் கடிகாரம் பார்த்தார்.
மின்விசிறிக்குப் படிவத்தின் ஓரம் படபடத்தது.
அந்த ஒன்றில் விரல் நின்றது.

பேனா கொடுங்க சார், என்றேன்.