தை மாதத்துச் சமாதானம்

சோபகிருது வருஷம், ஆனி கடைசி.
கூடலூர்த் துறைக்கு வெளியே
இங்கிலீஷ்காரன் கப்பலொன்று
வெள்ளைக்கொடி கட்டி வந்து நின்றது.
நாங்கள் சண்டை போட்ட பிராஞ்சுக்காரன் கொடியும் வெள்ளைதான்.
ஆகவே முதலில் ஒன்றும் புரியவில்லை.

எங்களை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை,
அதைச் சொல்லிவிட வேண்டும்.
திருப்பாதிரிப்புலியூர்ச் சந்தையில் தமுக்கடித்தவன்
மாசம் இரண்டு வராகன், நாளுக்கொரு படி அரிசி என்றான்.
குதிரைப்படை மேய்ந்துபோன வயலில்
அறுக்க எங்களுக்கு ஒன்றுமில்லை.
இருசப்பன், சவரிராயன், மண்ணாங்கட்டி, நான்.
வரிசையில் நாங்களாகவே போய் நின்றோம்.

மண்ணாங்கட்டி பெயரைச் சொன்னதும்
எழுத்தன் இரண்டு தரம் கேட்டான்.
முன்னே பிறந்த மூன்றும் தங்கவில்லை,
யமன் கண்ணுக்குப் பிள்ளையாய்த் தெரியாதிருக்க
ஆத்தா வைத்த பெயர், என்றான் இவன்.
துபாஷி அதை அவன் பாஷையில் சொல்ல
எழுத்தன் சிரித்தான்,
சிரித்துக்கொண்டே எழுதினான்.

நீலச் சட்டை கொடுத்தார்கள்.
மண்ணாங்கட்டிக்குக் கிடைத்ததில்
விலாப்பக்கம் ஒரு ஓட்டை,
கறுப்பு நூலால் தைத்திருந்தது.

எதற்குச் சண்டை என்று கேட்டோம்.
பூமிக்கு அந்தப் பக்கம்
அமெரிக்கை என்றொரு காட்டுத் தேசமாம்.
அங்கே குடியானவர்கள்
ராஜாவுக்கு வரி தரமாட்டோம் என்றார்களாம்,
ஏரை வயலில் விட்டுவிட்டுத்
தாங்களாகவே துப்பாக்கி எடுத்தார்களாம்.
பிராஞ்சுக்காரன் அவர்கள் பக்கம்,
அதனால் நாங்களும்.
"வரி தரமாட்டோம் என்று
சொல்லலாமா?" என்றான் இருசப்பன்.
அதை மட்டும் அவன் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

வண்டிப்பாளையத்து மேடு செம்மண்.
ரத்தம் விழுந்தால் அடையாளம் தெரியாது,
ஈ மொய்த்தால்தான் தெரியும்.
பகல் முழுக்க வெடி, வெயில்.
மத்தியானத்துக்கு மேல்
எதிர்ப் பள்ளத்திலிருந்து ஒரு குரல்:
"அண்ணே, தண்ணி இருக்கா?"
தமிழ்.
எங்கள் பக்கத்து ஆள் என்றே எழுந்தேன்.
இருசப்பன் என்னை இழுத்துக் கிடத்திவிட்டு
குரல் வந்த திசைக்குச் சுட்டான்.
அன்று ராத்திரி செம்பை நீட்டினேன்,
வாங்கவில்லை.

அடுத்த வாரம் கப்பலுக்கு ஆள் கேட்டார்கள்.
சவரிராயனுக்கு நீந்தத் தெரியாது.
கப்பலில் ரொட்டி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக்
கையைத் தூக்கினான்.
கரையிலிருந்து பார்த்தோம்:
புகை, புகைக்குள் மின்னல், அப்புறம் இடி.
திரும்பி வந்தவன்
என்ன சொன்னாலும் தலையாட்டினான்.
பீரங்கி அவன் காதை வைத்துக்கொண்டது
எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

ஒருநாள் விடியுமுன் கோட்டை வாசலைத் திறந்து
எங்களை வெளியே விட்டார்கள்.
போனவர்களில் பாதி பேர்
திரும்பும்போது வாசல் போதுமானதாய் இருந்தது.
மண்ணாங்கட்டியை
கெடிலத்து மணலில், நாணல் ஓரம்,
விடிந்த பிறகு பார்த்தேன்.
ஆத்தாவின் தந்திரம்
இருபத்துநாலு வருஷம் பலித்திருக்கிறது.

அப்புறம்தான் அந்தக் கப்பல்.

பட்டுவாடா நாளன்று துபாஷி சொன்னான்:
சீமையில் தை மாதமே
சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது.
சேதிதான் கடலில் ஐந்து மாசம் வந்திருக்கிறது.
கணக்குப்படி தைக்கு மேல் யுத்தம் இல்லை.
யுத்தம் இல்லையென்றால் யுத்தப்படி இல்லை.

"அப்போ ஆனியில் செத்தவன்
எதில் செத்தான்?" என்று கேட்டேன்.
எழுத்தன் துபாஷியைப் பார்த்தான்.
துபாஷி மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்தான்.
அந்த வார்த்தையை அவன் மாற்றிச் சொல்லவேயில்லை.

"அமெரிக்கைக்காரனுக்காவது
சம்பளம் வந்துதாமா?" என்றான் இருசப்பன்.
அதற்கும் பதில் இல்லை.

சட்டைகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள்.
கிழிசலுக்குப் பிடித்தம் உண்டு.
மண்ணாங்கட்டியின் சட்டையை
கெடிலத்துத் தண்ணீரில் அலசிக்
காயவைத்துக் கொண்டுபோயிருந்தேன்.
எழுத்தன் விரலை விட்டுப் பார்த்து
இரண்டு ஓட்டை என்று எழுதினான்.

ஒன்று பழசு,
நாங்கள் வாங்கும்போதே இருந்தது,
நூலைப் பார், நூலைப் பார் என்று
இருசப்பன் பொழுது சாயும்வரை
அவனோடு வழக்காடினான்.
சவரிராயன் நடுவில் நின்று
இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.